‘திருப்பாதிரிப்பு’வோடு நின்ற ஊர்

கடலூரில் ஓர் அலுவலகத்தின் உறுப்பினர் பட்டியலில் நூற்றுக்கணக்கானோரின் ஊர் ‘திருப்பாதிரிப்பு’ என்று நின்றது. அதற்குப் பின்னால் கேள்விக்குறி போட்ட ஒரு கறுப்புக் கட்டம். 2009-இல் பி.எச்.பி.யில் எழுதிய மென்பொருளை லாராவெல் ஃபிரேம்வொர்க்கோடு இணைக்கத் தொடங்கிய வாரத்தில்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. “பழசு நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு சார், புதுசு வந்துதான் கெடுத்துடுச்சு” என்றார் அங்கே பணிபுரிபவர். இந்த வேலைக்குப் போகிற இடமெல்லாம் முதலில் கேட்கும் நம்பிக்கை இது.

கணக்கைப் பார்த்தால் உண்மை தெரியும். யூனிகோடில் உயிர்க்குறிக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம் என்று தமிழ் எழுத்து பிரித்தே வைக்கப்படுகிறது. யூடிஎஃப்-8 முறையில் அந்த ஒவ்வோர் இடமும் 3 பைட். திருப்பாதிரிப்புலியூர் என்பதற்கு 22 இடங்கள், 66 பைட். ஊர்ப்பெயருக்கு அந்த அட்டவணையில் விட்டிருந்ததோ லத்தீன்-1 வகையில் 50 எழுத்து, அதாவது 50 பைட். பதினாறு இடங்களுக்கு 48 பைட் போக மிச்சம் இரண்டில் ‘ல’வின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போய் உட்கார்ந்தது. அந்த அரைகுறை ‘ல’தான் கறுப்புக் கட்டம்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அப்போது தளர்வான முறையில் ஓடியது. நீளமான பெயர் வந்தால் வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்க நிரலில் ஒரு வரிகூட இல்லை. லாராவெல் இயல்பாகவே கண்டிப்பான முறையில் இணைகிறது. இடம் போதாத பெயரை, எல்லாம் பூஜ்யமாகப் போட்ட பிறந்த தேதியை, அது ஏற்க மறுத்துப் பிழை காட்டும். சிதம்பரம் கிளையில் இந்தச் சிக்கல் யாருக்கும் தெரியவே இல்லை. ‘சிதம்பரம்’ 27 பைட்டில் அடங்கிவிடும். கடலூரிலோ அஞ்சல் உறைகளில் ‘லியூர்’ என்பதைப் பல ஆண்டுகளாகக் கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பழைய மென்பொருளின் குறை என்று யாரும் எண்ணியதில்லை.

இரண்டாவது நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. புதிய பக்கத்தைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் வரிவரியாக நிற்கும். “டேட்டாவே போச்சு” என்பார்கள். போகவில்லை. யூடிஎஃப்-8 தமிழ் எழுத்து எல்லாமே ஒரே பைட்டில்தான் தொடங்கும். அடுத்த பைட் இரண்டில் ஒன்று. அவற்றை லத்தீன்-1 ஆகப் படித்தால் வருவதுதான் அந்தச் சாய்கோடும் வட்டமும். பழைய நிரல் தான் அனுப்புவது தமிழ் என்று தரவுத்தளத்திடம் சொன்னதே இல்லை. தரவுத்தளம் அதை ஐரோப்பிய எழுத்தாக எண்ணி வாங்கி, அப்படியே திருப்பித் தந்தது. உலாவி அதைத் தமிழாகக் காட்டியது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டிருந்தன. புதிய நிரல் யூடிஎஃப்-8 என்று சொல்லி இணைந்ததும், தரவுத்தளம் பொறுப்பாக ‘மொழிமாற்றி’க் கொடுத்துவிடுகிறது.

இதற்கு மருந்து, அட்டவணையின் அந்தப் பத்தியை (நெடுவரிசையை) முதலில் வெறும் பைட்டுகளாக அறிவித்து, பிறகு யூடிஎஃப்-8 என்று அறிவிப்பது. நேரடியாக ‘மாற்று’ என்று கட்டளையிட்டால் குழப்பம் நிரந்தரமாகிவிடும். எதையும் நகலில் செய்து பார்த்த பிறகே மூலத்தைத் தொட வேண்டும். நான் கெஞ்சிக் கேட்பது இன்னொன்று: இந்தத் திருத்தம் முடியும்வரை புதிய நிரலை அந்த அட்டவணையில் எழுத விடாதீர்கள். ஒருநாள் எழுதினாலும் இருவகை வரிகள் கலந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

யூனிகோடுக்கு முந்திய தரவு இருந்தால் வேலை இன்னும் நுணுக்கமானது. 1999-இல் சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன; தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் ஏற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. டாப் முறையில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழைப் பிரித்தெடுக்கலாம். பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கும். பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் இனிஷியல் போட்ட வரியை எழுத்துரு மாற்றியில் கொடுத்தால் இனிஷியலும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகிவிடும். தந்தை பெயரின் முதலெழுத்து தவறினால் ஒருவர் சான்றிதழுக்காக எத்தனை முறை மஞ்சக்குப்பத்து அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“இவ்வளவு தொல்லைக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமே?” இளம் நிரலாளர்களின் நம்பிக்கை இது. 1997-இல் உலாவியின் 4-ஆம் பதிப்பை வெளியிட்ட நெட்ஸ்கேப், பழைய நிரலை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எழுத முடிவெடுத்தது. 5-ஆம் பதிப்பு வரவே இல்லை. 6 வந்தது 2000 நவம்பரில். அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்டிடம் போய்விட்டது.

பழைய நிரலில் விளங்காத ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ வரிகள் நிறைய இருக்கும். அவற்றைக் குப்பை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. அந்த அலுவலக நிரலில் மாவட்டத்துக்கு மூன்று பெயர்களைச் சோதிக்கும் ஒரு வரி இருந்தது: தென்னாற்காடு, தென்னாற்காடு வள்ளலார், கடலூர். மாவட்டம் 1993-இல் பிரிந்தது. அதன் பின் சில ஆண்டுகள் நடுப்பெயர் வழங்கியது. அந்த வரி போனால் மூத்த உறுப்பினர்கள் தேடலில் காணாமல் போவார்கள். மாவட்டத்தின் வரலாற்றை அறிந்த யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதிய வரி அது.

அழிக்காமல் இணைக்க வழி உண்டு. மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர் ஆஸ்திரேலியக் காட்டில் வேறொரு மரத்தின்மேல் வளரும் அத்தியின மரத்தைப் பார்த்துவிட்டு, 2004-இல் இந்த முறைக்கு அதன் பெயரையே வைத்தார். நமக்கு அதைக் காட்ட ஆஸ்திரேலியா வேண்டாம். பனைமேல் ஆல் நம் ஊர்ப்பக்கங்களில் பார்த்துப் பழகிய காட்சிதான். பனைத்தண்டு மற்ற மரங்களைப்போல் பருப்பதில்லை. ஆலின் வேர் இறுக்கினாலும் உள்ளே பல ஆண்டுகள் உயிரோடு நிற்கும். நிரலிலும் அப்படியே செய்யலாம்: வருகிற கோரிக்கையெல்லாம் முதலில் லாராவெலின் வாசலுக்கு வரட்டும். அங்கே வழி எழுதப்படாத முகவரி எதுவோ அது பழைய கோப்புக்குப் போகட்டும். ஒவ்வொரு பக்கமாகப் புதியதற்கு நகர்த்தலாம்.

நகர்த்தும்போது இரண்டு இடங்களில் இடறும். லாராவெல் தன் உள்நுழைவு நினைவைத் தனியாக வைத்துக்கொள்கிறது, பி.எச்.பி.யின் பழைய செஷனை அது பார்ப்பதில்லை. இரண்டுக்கும் பாலம் போடாவிட்டால் ஒரே ஆள் இரண்டு முறை கடவுச்சொல் தர வேண்டிவரும். பழைய படிவங்களில் பாதுகாப்புக்கான டோக்கன் இருக்காது, ஆகவே லாராவெலின் வழியில் ‘சமர்ப்பி’ அழுத்தியதும் 419 என்று திருப்பி அனுப்பும். அதற்காக அந்தச் சோதனையை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள், படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஃபிரேம்வொர்க்குக்குள் வந்துவிட்டது என்பதாலேயே பழைய பக்கம் பாதுகாப்பாகிவிடுவதும் இல்லை. பயனர் தட்டியதை அப்படியே வினவலில் ஒட்டும் வரி எங்கே இருந்தாலும் ஓட்டைதான்.

கடைசி நம்பிக்கை, “ஓடுறதைத் தொடாதே.” 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தது. இந்தக் கரையில் எந்த இயந்திரமும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. கடலூர் வெள்ளத்தில் தவித்த 2015 டிசம்பரில்தான் பி.எச்.பி. 7.0 வெளியானது. பழைய நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசிய செயற்கூறுகள் அதில் அடியோடு நீக்கப்பட்டன. 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பர் 31-உடன் நின்றது. நனைந்த கணினிக்குப் பதில் புதியது வாங்கினால் அதில் அந்த நிரல் ஓடாது. இடைக்காலத்துக்கு, நீக்கப்பட்ட பெயர்களிலேயே செயற்கூறுகளை நாமே எழுதி, உள்ளே புதிய இணைப்பைப் பயன்படுத்த வைக்கலாம். எங்களுக்கு ஆறு மாதம் அவகாசம் தந்தது அது.

வெட்டுப்பட்ட ஊர்ப்பெயர்களை மீட்க எந்த நிரலாலும் முடியாது. பைட்டுகள் சேமிக்கப்படவே இல்லை. சரியாக 50 பைட்டில் முடியும் வரிகளை மட்டும் தேடி எடுத்து, பரணில் இருந்த காகித விண்ணப்பங்களை இறக்கி, பத்தியை அகலப்படுத்திய பிறகு இரண்டுபேர் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். திருப்பாதிரிப்புலியூர்க்காரர்கள் முடிந்ததும் அடுத்த கட்டு ‘காட்டுமன்னார்கோவ’ என்று நின்ற வரிகள்.