மீன்தொட்டிக்கு ஏற்ற எல்இடி விளக்கு

• நிறம்: பகலொளியாகக் கொள்ளப்படும் டி65 என்னும் தர ஒளி, ஏறத்தாழ 6500 கெல்வின் நிறவெப்பநிலை, அதாவது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட வெண்மை உடையது, நன்னீர்த் தொட்டியின் செடிகளுக்கும் அதுவே பொருந்தும். பொருள்களின் இயல்பான நிறத்தை ஒளி எந்த அளவுக்குக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 80க்கு மேல் இருந்தால், மீன்களின் வண்ணமும் திரிபின்றித் தெரியும்.

• ஒளியளவு: வாட் மின்செலவை மட்டுமே காட்டுவதால், வெளிப்படும் ஒளியின் மொத்த அளவாகிய லூமெனைப் பார்த்தே விளக்கை வாங்க வேண்டும், அனுபியாஸ், ஜாவா பெரணி போன்ற குறைந்த ஒளிச் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் வரை, அதாவது 60 லிட்டர் தொட்டிக்கு 600 முதல் 1200 லூமென் வரை போதுமானது.

• நேரம்: நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரிந்தால் பாசி பெருகக்கூடும் என்பதால், டைமர் பொருத்துதல் நலம்.

• பாதுகாப்பு: ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் பழுதாகாத ஐபி67 தரமே ஏற்றது, கம்பிவழி வழியும் நீர் பிளக்கை எட்டாதவாறு, கம்பி அதற்குக் கீழே வளைந்து தொங்க வேண்டும்.

• பராமரிப்பு: உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீர் தெறித்து உலரும்போது விளக்கின்மேல் படியும் வெண்படலம் ஒளியைக் குறைப்பதால், மின்னிணைப்பை நீக்கியபின் ஈரத்துணியால் வாரந்தோறும் துடைக்க வேண்டும்.