வானலையும் சந்தாவும்

விளையாட்டைப் பார்க்கக் கட்டணம் என்றால் அரங்க வாயிலில் வாங்கும் சீட்டு ஒன்றுதான் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கைபேசியில் கிரிக்கெட் பார்க்கவும் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1993 நவம்பரில் ஹீரோ கோப்பைப் போட்டிகள் நடந்தன. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அளித்தது. தூர்தர்ஷன் அதை எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995 பிப்ரவரி 9 அன்று வந்த தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்றது. பின்னர் 2007இல் வந்த சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்றது. ஏழை வீட்டுத் தொலைக்காட்சிக்கும் ஆட்டம் வந்து சேர வழி பிறந்தது.

அந்த வழி கைபேசி வரை நீளவில்லை. இங்கே நம் இயற்பியல் பாடம் கைகொடுக்கிறது. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையை ஆயிரம் பேர் பிடித்தாலும் இலட்சம் பேர் பிடித்தாலும் அனுப்புபவருக்குச் செலவு ஒன்றே. இணையத்தில் அப்படியன்று. படம் சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வைக்கப்பட்டிருக்கும். கைபேசி தன் இணைப்பின் வேகத்துக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு பிரதி. ஆள் கூடக்கூடச் செலவும் கூடும். துண்டுகள் சேரும்வரை காத்திருப்பதால் தாமதமும் உண்டு. எங்கள் கருவேப்பிலங்குறிச்சித் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியின் முன் ஆரவாரம் எழுந்த பிறகுதான் என் கைபேசியில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார்!

2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தனர். 2023 இறுதியாட்டத்தில் அது 5.9 கோடி. இத்தனை பிரதிகளுக்கும் யாரோ பணம் தரவேண்டும் அல்லவா?

யார் தருவது என்பதில்தான் கூத்து. 2010இல் ஐ.பி.எல். ஆட்டங்கள் யூடியூபில் இலவசமாக வந்தன. 2015இல் ஹாட்ஸ்டார் தொடங்கியது. 2020 முதல் அதில் ஐ.பி.எல். பார்க்கச் சந்தா கட்டாயமாயிற்று. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. இணைய உரிமையைப் பெற்ற தரப்பு 2023, 2024 ஆண்டுகளில் ஜியோசினிமா வழியே இலவசமாகவே காட்டியது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாயின. மறுபடியும் சந்தா! அப்போது கைபேசிக்கு மட்டுமான திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன் நான். தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் எண்ணி வைக்கும் வீட்டில் 149 சிறு தொகையன்று. இலவசமாகக் காட்டியதைக் கொடை என்று நான் கருதவில்லை. வாடிக்கையாளரைச் சேர்க்கும் வணிகமே அது.

ஆயினும் ஒன்று கேட்கலாம். கைபேசிக்கு ஆட்டம் வருவதும் அலைக்கற்றையின் மேல்தான். அதனை ஏலம் விடுவது அரசு. 2007ஆம் ஆண்டுச் சட்டமோ தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பையும் டி.டி.எச். சேவையையும் மட்டுமே குறிப்பிடுகிறது. பொதுச்சொத்தாகிய அலை கோபுரத்திலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தால் ஒரு நீதி, கைபேசிக்கு வந்தால் இன்னொரு நீதியா? அந்தச் சட்டத்தில் இணையத்துக்கும் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஐ.பி.எல்.லுக்குக் கேட்கவில்லை, அது வணிகம், போகட்டும். நாட்டின் பெயரால் ஆடும் அணியின் ஆட்டங்களுக்கேனும் கேட்கிறேன்.