சலவைக் கல்லில் கண்ட தன்மதிப்பு

பெரிய புராணம் என்றதும் மூவர் முதலிகளும், கண்ணப்பரும், திருநாளைப்போவாரும் நம் நினைவுக்கு வருகின்றனர். திருக்குறிப்புத் தொண்ட நாயனாரை மேடைகளில் யாரும் அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. அவர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்த ஏகாலி. அதாவது சலவைத் தொழிலாளி. என் தந்தையாரும் அத்தொழிலே செய்பவர். ஆகவே இக்கட்டுரையை நடுநிலையோடு எழுதுகிறேன் என்று நான் சொல்ல மாட்டேன். வேதியியல் மாணவனுக்குப் புராணத்தில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

வரலாறு சிறியதுதான். அடியார்களின் மனக் குறிப்பை அறிந்து அவர்கள் ஆடையை வெளுத்துக் கொடுப்பதைத் தம் தொண்டாகக் கொண்டவர் அவர். ஒரு குளிர் நாளில் மெலிந்த மேனியோடு, அழுக்கேறிய கந்தை உடுத்தி, ஓர் ஏழை அடியார் வருகிறார். வந்தவர் சிவபெருமான் என்பது படிக்கும் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. “கந்தையைத் தாருங்கள், வெளுத்துத் தருகிறேன்” என்கிறார். “குளிருக்கு இது ஒன்றுதான் இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் தருவதானால் கொண்டு போ” என்கிறார் முதியவர். வாக்குக் கொடுத்துவிட்டு நாயனார் துறைக்குப் போகிறார். பிற்பகலில் மழை பிடித்துக் கொள்கிறது. விடவே இல்லை. பொழுதும் சாய்கிறது. முதியவர் குளிரில் நடுங்குவாரே என்று துடித்து, துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதப் போகிறார். அக்கல்லின் அருகிலிருந்து இறைவனின் கை எழுந்து அவரைப் பிடித்துக் கொள்கிறது.

தலையை மோதும் இடம் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன்னால் வரும் பகுதியே என்னை நிறுத்தியது. 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் உயர் பதவி வகித்தவர் என்று மரபு கூறும் சேக்கிழார், சலவைத் தொழிலின் முறையை வரிசை பிசகாமல் சொல்கிறார். முதலில் அழுக்கைப் போக்குதல், பிறகு புழுக்குதல், அதன் பின்னரே கல்லில் அடித்து ஒலித்தல். எங்கள் வீட்டில் இன்றும் இதுவே வரிசை. உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு இக்காரத்தோடு வெள்ளாவியின் சூட்டில் வினைபுரிந்து ஓரளவு சோப்பாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் பிறகு அடிக்கும்போது அழுக்கு கழன்று வருகிறது. கொழுப்பும் காரமும் சேர்ந்து சோப்பு உண்டாவதை ஆய்வகத்தில் செய்தபோது, இதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறோமே என்று சிரித்துக் கொண்டேன்.

இன்னொன்று. மழை விடாது கண்ட நாயனார், முன்பே துவைத்து வீட்டுக்குள் காற்றாட விட்டிருக்கலாமே, அது தெரியாமல் போயிற்றே என்று வருந்துகிறார். இது தொழில் தெரிந்தவனின் வருத்தம். புராணத்தில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பள்ளி நாட்களில் என்னைப் பெயர் சொல்லாமல் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். அது பொய். நாயனாருக்கோ அத்தொழிலிலிருந்தே பெயர் வந்தது. பெற்றோர் இட்ட பெயரால் அவரை யாரும் அழைப்பதில்லை. குறிப்பறிந்து வெளுத்ததால் திருக்குறிப்புத் தொண்டர் ஆனார். இழிவாகச் சொல்லப்பட்ட ஒன்று பட்டமாக மாறுவதற்கு அவர் ஆற்றங்கரையை விட்டு எங்கும் போகவில்லை. யாருக்காக வெளுக்கிறோம் என்பதை மட்டும் அவர் தாமே முடிவு செய்து கொண்டார். சுந்தரரும் திருத்தொண்டத் தொகையில், ஆதிசைவ குலத்தில் பிறந்து அரசர் வீட்டில் வளர்ந்த தம்மை, தில்லைவாழ் அந்தணரைப் பாடியதும் அடுத்தபடியே ஒரு குயவருக்கு அடிமை என்கிறார். பின்னர் இந்த ஏகாலிக்கும் அவ்வாறே. ‘அடியேன்’ என்ற சொல்லைத் தாழ்வின் அடையாளம் என்று நான் எண்ணியிருந்தேன். எல்லாரும் எல்லார்க்கும் அடியேன் என்றால் மேலே இருப்பவர் யார்?

இங்கே என் அறைத் தோழர் ஒருவர் குறுக்கிட்டார். “கை எழுந்து பிடித்தது சரி. மறுநாள் ஊர் அவரைத் திண்ணையில் உட்கார வைத்ததா?” என்றார். நியாயமான கேள்வி. நந்தனாரின் சிலை அறுபத்துமூவர் வரிசையில் கோயிலுக்குள் நிற்க, அவர் வழிவந்தோர் பல நூற்றாண்டுகள் வெளியே நின்றனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அம்மக்கள் அழைத்துச் செல்லப்பட்டது 1939 ஜூலை 8 அன்றுதான். தீண்டாமையை ஒழித்தது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, புராணம் அன்று. பக்தி திண்ணையைத் தரவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனால் திண்ணை கிடைத்த பிறகும் அதில் கூனிக் குறுகி உட்காருபவன் ஒருவன் உண்டு. அவனை எனக்குத் தெரியும். முதலாண்டு முழுதும் கடைசி வரிசையில் இருந்தான். முதற் பருவத்தில் கணிதத் தாளில் தவறியபோது, ‘நமக்கு எதற்கு இதெல்லாம்’ என்று ஊருக்குப் பேருந்து ஏறவும் இருந்தான். அவனுக்குச் சட்டம் இடம் தந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார வேறொன்று தேவைப்பட்டது. நாயனார் வாக்குத் தவறிய மாலையில்தான் அந்தக் கை எழுந்தது என்பதை அவன் பிறகு படித்தான்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘சலவைத் தொழில்’ என்று எழுதினேன்.

விடுமுறையில் இக்கதையை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. வெள்ளாவிக்கு விறகு தள்ளிக்கொண்டே முழுவதும் கேட்டார். “மழை நாள்ல சாயங்காலம் தர்றேன்னு வாக்கு கொடுத்திருக்கக் கூடாது. அது அவர் தப்பு” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா சொன்ன நேரத்துக்குத் துணி போய்ச் சேரலேன்னா எனக்கும் ராத்திரி தூக்கம் வராதுப்பா” என்றார்.