மலிவு மேசை ரம்பம் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே சிறு தச்சுவேலை செய்ய, விலை குறைந்த மேசை ரம்பம் ஒன்று வாங்கலாமா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகே குடியிருந்து, அதன் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணை நினைத்தபோதெல்லாம் தரிசிக்கும் பாக்கியம் பெற்ற தாங்கள், மின்சாரமே அறியாத அந்த ஆசாரிமாரை விட்டு என்னிடம் யோசனை கேட்பது விசித்திரந்தான்.

மலிவான யந்திரத்தில் முதலில் தோஷம் பார்க்கவேண்டியது மோட்டாரில் அன்று, பலகை அணைந்து செல்லும் பக்கச்சட்டத்தில். அது பூட்டும்போது பின்புறம் அரை நூல் உள்ளே சாய்ந்தாலும், பலகை ரம்பத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நெருக்குண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவர் வயிற்றை நோக்கிப் பாய்ந்துவிடும். ஆகையால் கடையிலேயே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, அதே பல்லை முன்னும் பின்னும் திருப்பிச் சட்டம்வரை அளந்து பாருங்கள். இரண்டும் ஒவ்வாமல், திருத்தவும் வழியில்லையெனில், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாதபடி ரம்பத்தின் பின்னே நிற்கும் தகடும் அத்தியாவசியம்.

ரப்பர் மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் இச்சிறு யந்திரம் போதும். வைரம் பாய்ந்த தேக்கையும் அயினியையும் மில்லில் அறுத்து வாங்குவதே உத்தமம். தோளில் துண்டோடு மட்டும் ஓடும் ரம்பத்தருகே போகாதீர்கள்.