புயலுக்கு முந்தைய பொழுதுகள்

நுழையும்முன்

விருதுநகர், கடற்கரை இல்லாத மாவட்டம். ஆயினும், வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு சிவகாசியின் பட்டாசு உலர்களத்தையும் தொடுகிறது. புயல் கரையைக் கடக்கும் வேளையைவிட, அதற்கு முந்தைய நாள்களே உயிர்காக்கும் வாய்ப்பைத் தருகின்றன. அந்நாள்களில் கடலும் வானும் உணர்த்துவன எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாவட்டம், இரு முனைகள்

1985ஆம் ஆண்டுக்கு முன்னர்ச் சிவகாசியும் தனுஷ்கோடியும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஒன்று வறண்ட நிலத்து நகர். மற்றொன்று இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் எழும்பித் தனுஷ்கோடியை மூடியது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டி, ஊரை நெருங்கிய நிலையில் பயணியரோடு அலைகளுக்கு இரையானது. தொடர்வண்டி நிலையமும் கோயிலும் தேவாலயமும் கொண்டிருந்த அவ்வூர் பின்னர் மீண்டெழவே இல்லை.

கடல் பொங்குவது ஏன்?

காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். இவ்வுயர்வு சிறிதே. சூறைக்காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளுவதே பெருங்காரணம். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் தள்ளப்பட்ட நீர் கீழிறங்க இடமின்றி மேலெழுந்து ஊருக்குள் புகுகிறது. ஓதம் உயரும் வேளையும் அதனோடு சேர்ந்தால் அழிவு பெருகும்.

அலைகளோ புயலை முந்திக்கொண்டு வருகின்றன. புயல் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே, அது எழுப்பிய நீண்ட அலைகள் கரையை அடையும். அப்போது வானம் தெளிந்திருக்கலாம். காற்றும் மென்மையாக இருக்கலாம். அத்தோற்றத்தை நம்பிக் கடலில் இறங்குவது பேரிடருக்கு வழியாகும்.

தெரியுமா?

தொலைதூரத் தென்கடலில் எழும் புயல்களால் உருவாகும் பேரலைகள், உள்ளூரில் எந்த அறிகுறியும் இன்றிக் கரையில் பாய்வதுண்டு. திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் கேரள, குமரிக் கடற்கரைகளில் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர்.

எச்சரிக்கையின் படிநிலைகள்

1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத்துறை, புயல் எச்சரிக்கையை நான்கு நிலைகளில் வெளியிடுகிறது. முதல் மூன்றும் முறையே 72, 48, 24 மணிநேரத்திற்கு முன்னர்த் தரப்படுகின்றன. கரையைக் கடந்தபின் நிகழக்கூடியவற்றைக் கூறும் நான்காவது அறிவிப்பு, கடப்பதற்கு ஏறத்தாழ 12 மணிநேரத்திற்கு முன் வருகிறது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண் பெற்றவை. தொலைவில் உருவான காற்றழுத்தத் தாழ்வை 1ஆம் எண் சுட்டும். 11ஆம் எண், வானிலை மையத்துடன் தொடர்பு அற்றுப்போனதை உணர்த்தும்.

எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதாது. அஃது உரியவரைச் சென்றடைய வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிமுனைக்கு அருகே மிகக் குறுகிய காலத்தில் வலுப்பெற்றது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் முன்னரே ஆழ்கடலில் இருந்தன. கைப்பேசிச் செய்தி அவ்விடங்களை எட்டவில்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. செயற்கைக்கோள்வழிச் செய்தி பெறும் கருவிகளின் தேவையை இத்துயரம் உணர்த்தியது.

உலர்களத்தில் புயல்

குறைந்த மழையும் நீண்ட வெயிலுமே சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றத் துணைநின்றன. புயல்மழை அவ்வெயிலைப் பறிக்கிறது. ஈரம் தொழிலை முடக்குவதோடு நிற்பதில்லை. அலுமினியத்தூள் கலந்த வெடிமருந்தில் ஈரம் சேர்ந்தால் வேதிவினையால் வெப்பம் உண்டாகும்; அவ்வெப்பமே தீப்பற்றக் காரணமாகலாம். மின்னல் மற்றோர் அச்சம். ஆதலின், இடி முழங்கும் வேளையில் மருந்துக் கலவைப் பணியை நிறுத்தி, தொழிலாளர் பாதுகாப்பான இடத்திற்கு அகலுதல் வேண்டும்.

கடலுக்குச் செல்லாத நாளில் மீனவருக்கு வருவாய் இல்லை; வேலை நின்ற நாளில் பட்டாசுத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. எச்சரிக்கையைக் கேட்டும் சிலர் துணிந்து செல்வதற்கு அறியாமையைவிட வறுமையே காரணமாவதுண்டு. முன்னறிவிப்பை மதித்து வீட்டிலிருக்கும் நாளிலும் அடுப்பெரிய வழி செய்வதே முழுமையான பேரிடர் மேலாண்மை ஆகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் மழையாலும் புயலாலும் வேலை இழப்போர் யாவர்? அவர்களுள் ஒருவரைச் சந்தித்து உரையாடி, அறிந்தவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.