குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு வகுப்பு

கல்வராயன் மலைப் பள்ளிக்குப் புதிதாய் வந்திருக்கும் அறிவியல் ஆசிரியத் தம்பிக்கு,

உணவு வலைப் பாடத்துக்குப் புல், மான், புலி என்று அம்புக்குறி போட்ட சார்ட்டை மாட்டப் போகிறீர்களா? வேண்டாம். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புலியும் படம், வலையும் படம். குச்சிக்கிழங்கு அப்படியில்லை, அம்மாவோடு சேர்ந்து தம் கையாலேயே பிடுங்கியது. அங்கிருந்து தொடங்குங்கள்.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன்னே வந்த செடி. அதன் மாவுப்பூச்சி 2020இல்தான் கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு நம் பக்கமும் ஏறிவிட்டது. குருத்து சுருண்டு முடிச்சாகும், கிழங்கு சிறுக்கும். மருந்தடித்தால் மெழுகுப் போர்வைக்குள் பூச்சி தப்பிக்கும், அதைத் தின்னும் பொறிவண்டு சாகும்.

இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: சொந்த ஊரான தென் அமெரிக்காவில் இந்த மாவுப்பூச்சி ஏன் இப்படிப் பெருகவில்லை? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் போகட்டும். இருக்கிற உறவைக் காட்டுவதைவிட, இல்லாத உறவைத் தேடவிடுவதில்தான் இந்தப் பாடமே இருக்கிறது என்பது என் கட்சி. “அங்கே அதைத் தின்ன ஏதோ இருந்திருக்கும் சார்” என்று ஒரு பிள்ளையாவது சொல்லும்.

அந்த ஏதோ, ஒரு பொடிக் குளவி. அனகைரஸ் லோபெசி என்று பெயர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, உலர்ந்த கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாய் வரும். ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இதே பூச்சி அழித்தபோது, பராகுவேயில் தேடிப்பிடித்த குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குத் தருவித்து, சோதித்து, 2022 மார்ச்சில் இங்கேயும் விட்டார்கள். எங்கே என்கிறீர்கள்? கருமந்துறை வழியாகச் சேலத்துப் பக்கம் இறங்கினால் வருகிற ஏத்தாப்பூரில், மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில்.

சுருண்ட குருத்து ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். குளவி வந்தாலும் பாடம், வராவிட்டாலும் பாடம். காட்டில் எறும்பையும் பார்க்கச் சொல்லுங்கள்: மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்கு மொய்க்கும் எறும்பு, குளவியை எளிதில் அண்டவிடாது. வலையில் இப்போது செடி, பூச்சி, குளவி, எறும்பு, மருந்து தெளிக்கும் மனிதர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பரீட்சைக்குப் புலிச் சார்ட்டும் வேண்டும்தான். அதைக் கடைசி பத்து நிமிடத்தில் வரைந்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பூச்சி பிடித்த குருத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக விடாதீர்கள். பறித்த காட்டுக்குப் பக்கத்திலேயே ஜாடி இருக்கட்டும். கடைசியில் குருத்தை எரித்துவிடுங்கள், ஆனால் குளவிகளைக் காட்டில் திறந்துவிட்ட பிறகு.