அரசுப் பணியாளரில் யாருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது? படிப்படியாகச் சரிபார்க்கும் முறை

தொழிலாளர் அரசு காப்பீடு எனப்படும் இ.எஸ்.ஐ. திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் கீழ் இயங்குகிறது. அரசு வேலை என்ற ஒரே காரணத்தால் யாரும் இதிலிருந்து விலக்கப்படுவதில்லை. கீழுள்ள படிகளை வரிசையாகப் பார்த்தால், ஒருவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்பது தெரியும்.

1. ஆயுதப்படையினரா?

தரைப்படை, கடற்படை, விமானப்படை வீரர்கள் திட்டத்துக்கு முற்றிலும் வெளியே இருப்பவர்கள். இவர்களுக்குச் சம்பள அளவு உள்ளிட்ட மற்ற படிகள் எவையும் பொருந்தா.

2. பணியிடம் திட்டத்துக்குள் வருகிறதா?

பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களே இதில் அடங்கும். பருவகாலத் தொழிற்சாலைகளுக்குத் திட்டம் பொருந்தாது.

3. இணையான பலன் வேறு வழியில் கிடைக்கிறதா?

பெரும்பாலான நிரந்தர அரசு ஊழியர்கள் விலக்கப்படுவது இங்கேதான். அரசுக்குச் சொந்தமான, அல்லது அதன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனத்தின் ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ.க்குப் பெருமளவு ஈடான அல்லது மேலான பலன்கள் ஏற்கெனவே கிடைத்தால் அந்நிறுவனம் திட்டத்துக்கு வெளியே நிற்கும்.

மருத்துவமனைச் செலவை மட்டும் வைத்து இதை ஒப்பிட முடியாது. நோய்க்கால விடுப்புக்குச் சம்பளம், 26 வார மகப்பேறு விடுப்பு, பணியில் காயமடைந்தால் இழப்பீடு, அக்காயத்தால் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் ஆகியவையும் இ.எஸ்.ஐ.யில் அடங்கும். பணி விதிகளின் வழியாக இவற்றைப் பெறும் நிரந்தர ஊழியருக்கு இ.எஸ்.ஐ. இல்லை.

4. சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது?

ஒரே அலுவலகத்தில் வேலை செய்தாலும் நிரந்தர ஊழியருக்கான விலக்கு ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தானாகப் பொருந்தாது. ஏஜென்சி மூலம் அமர்த்தப்பட்ட துப்புரவுப் பணியாளர், காவலாளி, கணினி இயக்குபவர் போன்றோருக்கு அரசு ஊழியருக்கான பலன்கள் கிடைப்பதில்லை. ஏஜென்சி திட்டத்தின் கீழ் வருவதாக இருந்து, சம்பளமும் வரம்புக்குள் இருந்தால் அவர்களுக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் உள்ளதா, காப்பீட்டு எண் தரப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

5. மாதச் சம்பளம் எவ்வளவு?

வரம்பு 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய். மிகைநேர ஊதியம் இந்தக் கணக்கில் சேராது. வரம்பைத் தாண்டியவருக்கு உரிமை இல்லை.

சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என இரண்டாகப் பிரியும். நடுவில் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும் வரை உறுப்பினர் நிலை நீடிக்கும். எடுத்துக்காட்டாக, 20,500 ரூபாய் வாங்கியவருக்கு ஜூன் மாதம் 22,000 ஆனால் செப்டம்பர் 30 வரை அவர் உறுப்பினரே. அதுவரை மாதந்தோறும் அவர் பங்கு 0.75 விழுக்காடான 165 ரூபாய்; வேலை தருபவர் பங்கு 3.25 விழுக்காடான 715 ரூபாய்.

6. தொழில் பழகுநரா?

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் அரசு நிறுவனத்தில் பயிற்சி பெறுபவர் ஊழியராகக் கருதப்படுவதில்லை, அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. அச்சட்டத்துக்கு வெளியே ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் சம்பளத்துக்கு வேலை செய்பவரை இந்தக் காரணம் காட்டி விலக்க இயலாது.

7. தகராறு எழுந்தால்

நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், ஏஜென்சியின் பெயர் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு விலக்கு இருப்பதாகச் சொன்னால் அதற்கான ஆணையின் நகலைக் கேட்கலாம். அதன்பின் இ.எஸ்.ஐ. கழகத்தின் கிளை அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோ எழுத்து மூலம் புகார் தரலாம். ஒருவர் திட்டத்தின்படி ஊழியரா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தால், அதைத் தீர்க்கும் அதிகாரம் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு.